கடல் தாண்டிய குடித்தனம்: இருட்டாத ராத்திரியும் ஒரு குளியலும்



போன இதழில் இட்லி மாவைக் கம்பளியில் சுற்றிப் புளிக்க வைத்த கதையை எழுதியிருந்தேன். "ஃபின்லாந்திலே வெயிலே கிடையாதா?" என்று நாலைந்து பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஏன் கிடையாது? டிசம்பரில் ஆறு மணி நேரம்கூடப் பகல் இல்லை என்று நான் அழுததற்கெல்லாம் வட்டி போட்டு ஜூன் மாதத்தில் கொடுத்துவிடுகிறது. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஜன்னலில் வெளிச்சம். மறுபடி மூன்றரை, நாலுக்கெல்லாம் சூரியன் வந்து நிற்கிறான். கறுப்புத் திரை போட்டால்தான் தூக்கம் வருகிறது. நாட்டின் வடக்குக் கோடியில் அந்த நாட்களில் சூரியன் மறைவதே இல்லை.

இந்த வெளிச்சத்துக்கு இவர்கள் ஒரு பண்டிகை கொண்டாடுகிறார்கள். பெயர் யுஹான்னுஸ். ஏசுநாதருக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் பெயரில் வருகிற நாள். அதற்கும் முன்னே, இடி மழைக்கு அதிபதியான உக்கோ என்ற தெய்வத்துக்கு எடுத்த விழாவாம். நம் இந்திரனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். முன்பெல்லாம் ஜூன் 24 என்று தேதி மாறாமல் வந்துகொண்டிருந்தது. 1955-லிருந்து ஜூன் 20-க்கும் 26-க்கும் நடுவே வருகிற சனிக்கிழமை என்று மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையே எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் எஸ்போவும் பக்கத்து ஹெல்சிங்கியும் பொங்கலுக்குச் சென்னை காலியாகிற மாதிரி காலியாகிவிடும். எல்லோரும் போவது ஏரிக்கரை மரவீட்டுக்கு. அதற்கு மொக்கி என்று பெயர். இதைக் கேட்டுவிட்டு எங்கள் பெண் மூன்று நாள் சிரித்தாள்.

எங்களைக் கூப்பிட்டது எதிர் வீட்டு அம்மாள். எழுபது வயதுக்கு மேலே. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த நாட்டில் எல்லாப் பள்ளிக் குழந்தைகளுக்கும் 1948-லிருந்து இலவச மதிய உணவு உண்டு. நம்மூரில் காமராஜர் காலத்து மதிய உணவைப் பற்றிச் சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம். "எத்தனை பிள்ளைகளுக்கு? எத்தனை அண்டா?" என்று கேட்டார். சமைத்தவர் கேட்கிற கேள்வி அதுதானே! அதிலிருந்து எங்களுக்குள் ஒரு ஒட்டுதல். என் அரைகுறை இங்கிலீஷும் அவருடைய அரைகுறை இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு முழுசு ஆகிவிடும்.

"யுஹான்னுஸுக்கு எங்கள் மொக்கிக்கு வாருங்கள். நல்ல சவுனா இருக்கிறது" என்றார்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

சவுனா என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு சின்ன மர அறை. மூலையில் விறகு அடுப்பு, அதன் தலையில் கருங்கற்களைக் கூடையாகக் குவித்திருப்பார்கள். கல் பழுக்கக் காய்ந்ததும் மரக்கரண்டியால் தண்ணீரை மொண்டு அதன்மேல் வீசுவார்கள். புஸ்ஸென்று எழும்புகிற ஆவிக்கு லொய்லு என்று தனிப்பெயரே உண்டு. படிப்படியாக மரப்பலகை போட்டிருக்கும். மேல்படியில் 80 டிகிரி வரைக்கும் இருக்கும், சில வீடுகளில் அதற்கும் மேலே. வியர்த்துக் கொட்டினதும் ஓடிப்போய் ஏரியில் முங்குவார்கள். ஏறக்குறைய 56 லட்சம் ஜனங்கள் இருக்கிற நாட்டில் சுமார் 30 லட்சம் சவுனாக்கள் இருக்கின்றனவாம். 2020-ல் யுனெஸ்கோகூட இந்த வழக்கத்தை உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

சூடு எனக்குப் பெரிசில்லை. மே மாதத்து மன்னார்குடியில் விறகடுப்பு முன்னால் நின்றவள் நான். விஷயம் வேறே. சவுனாவுக்குள் துணி உடுத்த மாட்டார்கள். பெண்கள் தனி, ஆண்கள் தனிதான். ஆனால் பெண்களுக்குள்ளே மறைவே கிடையாது. பாட்டி, மருமகள், பேத்தி எல்லோரும் ஒன்றாய் உட்காருவார்கள்.

இத்தனை நாள் இந்தப் பக்கத்தில் சமையலையும் குளிரையும் எழுதினேனே தவிர, இதை எழுதவில்லை. மூன்று வருஷம் முன்பு, ஊரில் இருந்தபோது, எனக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். குளிக்கும்போது என் கையில்தான் முதலில் தட்டுப்பட்டது, சுண்டைக்காய் அளவுக்கு, வலியில்லாமல். வலிக்கவில்லையே என்று நாலு மாதம் சும்மா இருந்தேன். தம்பி கல்யாணம் முடியட்டும் என்று ஒரு சாக்கு. முடிந்து போனபோது நெல்லிக்காய் அளவு. அந்த நாலு மாதத்துக்கு இன்னும் என்னை நான் மன்னிக்கவில்லை. அப்புறம் ஆபரேஷன், கீமோ, தலைமுடி போனது, வந்தது எல்லாம் நடந்தது. பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று. "அம்மாவுக்குக் கட்டி, எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லி என் அக்கா வீட்டில் விட்டுவைத்தோம். முடி போனதற்கு "மருந்து சூடு" என்றோம். எதை எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளாடையில் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் புடவை மாற்றுவேன்.

இப்போது புரிகிறதா சகோதரிகளே, எனக்கு ஏன் புளி கரைந்தது என்று?

"என்னங்க, தலைவலின்னு சொல்லிடலாமா?" என்று இவரிடம் கேட்டேன். "போக வேண்டாம்னா வேண்டாம், நான் பேசிக்கிறேன்" என்றார். ஆனால் பெண் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டாள், நாங்களும் மொக்கிக்குப் போகிறோம் என்று. பத்து மாதமாகத் தோழி இல்லாமல் தவித்த குழந்தை, இப்போதுதான் வாய் திறந்து பேசுகிறாள்.

சரி என்று சுகாதார நிலையத்து நர்ஸுக்குப் போன் போட்டேன். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கிக்கொள்ளும், அதிகச் சூடு அதைக் கிளப்பிவிடும் என்று ஊர் டாக்டரே சொல்லியிருந்தார். நர்ஸ் பொறுமையாகக் கேட்டார். இதுவரை வீக்கம் வந்ததில்லை என்றால் கீழ்ப்படியில் கொஞ்ச நேரம் உட்காரலாம், கை கனத்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். இது எனக்குச் சொன்னது. உங்களில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தால் உங்கள் டாக்டரைத்தான் கேட்கவேண்டும். நீராவிக் குளியல் அழகு நிலையங்களில் வந்துவிட்டதே, அங்கே போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மிக்கேலி என்ற ஊர்ப்பக்கம், சாய்மா ஏரிக்கரை. ஹெல்சிங்கியிலிருந்து மூன்று மணி நேரத்துக் கார்ப் பயணம். சாய்மாதான் இந்த நாட்டிலேயே பெரிய ஏரி. தீவும் துண்டுமாய் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதென்று தெரியாது. மொக்கியில் மின்சாரம் உண்டு, குழாய்த் தண்ணீர் கிடையாது. கக்கூஸ் தோட்டத்துக் கோடியில், போனபின் மரத்தூள் போட்டு மூடவேண்டும். இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பட்டணத்தில் வளர்ந்தவர். எனக்கென்ன, எங்கள் கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. கொசுவும் நம் ஊர்க் கொசுவுக்குச் சளைத்ததில்லை.

சமையலுக்கு நானும் நின்றேன். அந்தச் சமயத்தில்தான் புது உருளைக்கிழங்கு வரும், கோலிக்குண்டு போல. தோலோடு உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெண்ணெயும் ஒரு பச்சைத் தழையும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். தழையைக் கிள்ளி மோந்து பார்த்தேன். எங்கேயோ மோந்த வாசனை! யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. சதகுப்பை! பிரசவ மருந்தில் என் அம்மா இடித்துப் போடுவாளே, அதே செடி. நாம் விதையை மருந்தென்று பரணில் வைத்தோம், இவர்கள் தழையைத் தினம் தின்கிறார்கள். இனிப்பும் காடியும் போட்டு ஊறவைத்த மீன் ஒன்று வைத்தார்கள். மீன் தின்கிற குடும்பம்தான் நாங்கள், ஆனாலும் மீனில் சர்க்கரையா? ஒரு துண்டு மரியாதைக்குச் சாப்பிட்டேன். நான் கொண்டுபோன முறுக்கை அந்த அம்மாளின் மகன் டப்பாவோடு தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்குக் கொடி ஏற்றினார்கள். அது மறுநாள் ராத்திரி ஒன்பது வரை, ராத்திரியெல்லாம் பறக்கும். வருஷத்தில் இந்த ஒரு ராத்திரிதான் கொடியை இறக்காமல் விடுவார்களாம். எல்லாரும் சும்மா நின்று பார்த்தார்கள். பேச்சில்லை. இவர்கள் பொதுவாகவே வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பார்கள்.

அப்புறம் அந்த அம்மாள் பூர்ச்ச மரத்து இளங்கிளைகளை ஒடித்துக் கற்றையாகக் கட்டினார். சவுனாவில் உடம்பெல்லாம் அடித்துக்கொள்ள. யுஹான்னுஸ் சமயத்துத் தழைதான் மிருது. ஹெல்சிங்கிப் பக்கம் இதற்கு விஹ்தா என்று பெயர். கிழக்கே வந்துவிட்டால் வஸ்தா. அவர் கிழக்கத்திக்காரர், மருமகள் மேற்கு. இந்தப் பெயருக்காக வருஷா வருஷம் இருவருக்கும் விளையாட்டுச் சண்டையாம். "வேப்பிலை அடிக்கிறாப்பல இருக்கே அம்மா!" என்றாள் என் பெண். எனக்கும் அதேதான் தோன்றியது.

"முதலில் பெண்கள்" என்றார் அந்த அம்மாள். என் முகத்தில் என்ன கண்டாரோ, "துண்டு சுற்றிக்கொள்ளலாம், ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்றார்.

சுற்றிக்கொண்டேன். பெரிய துண்டு, அக்குள் வரைக்கும் இழுத்து. எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையில் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேராகக் குளித்தவர்கள்தானே நாமும். எந்த அத்தை உடம்பில் எங்கே மச்சம் என்று ஊருக்கே தெரியும். எப்போது குளியலறைக் கதவு வந்ததோ!

கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். அரை இருட்டு. தார் மாதிரியும் தழை மாதிரியும் ஒரு வாசனை. அந்த அம்மாள் மேல்படியில். முழங்காலில் ஜாண் நீளத் தழும்பு, மூட்டு மாற்றியதாம். மருமகள் வயிற்றில் பிரசவ வரிகள், சிசேரியன் கோடு. யாரும் எதையும் மறைக்கவுமில்லை, காட்டவுமில்லை. ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னாலெல்லாம் பிரசவமே சவுனாவில்தானாம். வெந்நீரும் கதகதப்பும் இருக்கும், வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதான். அந்த அம்மாளின் அம்மா பிறந்தது சவுனாவில். இறந்தவர்களைக் குளிப்பாட்டுவதும் அங்கேதானாம். அதனால் உள்ளே கத்தக்கூடாது, சண்டை கூடாது, கோயிலில் இருப்பது போல இருக்கவேண்டும் என்பது பெரியவர்கள் சொல்.

முதல் லொய்லு எழும்பியது. காது நுனி சுட்டது. ஈரத் துண்டு மார்பில் ஒட்டிக் கனமாய், மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் என் பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அவர்களைப் பார்த்து அப்படியே பழகிவிட்டாள்.

எதற்காக அப்போது அதைச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. துண்டைத் தளர்த்தி மடியில் போட்டுக்கொண்டேன்.

மேல்படியில் ஒரு அசைவும் இல்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். என் பெண் கண்ணைத் திறந்தாள். பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. எனக்கு எண்ணத் தெரிந்தவரை எண்ணினேன்.

"இதுதானா அம்மா கட்டி எடுத்தது?"

"ஆமாண்டா கண்ணு."

"வலிக்குதா?"

"இப்போ இல்லை. குளிர்காலத்துல கொஞ்சம் இழுக்கும்."

"நான் கூகிள்ல தேடினேன்மா. அப்பவே. நீ சொல்லவேமாட்டேங்கிறியேன்னு நானும் கேட்கலை. நீ செத்துருவியோன்னு நெனச்சேன்."

பதின்மூன்று வயதிலே, அக்கா வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு, குழந்தை தனியாக அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் மருந்து சூடு என்று கதை சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்தது. வியர்வையில் யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மாளுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. மேலிருந்து தழைக் கற்றையைத் தண்ணீரில் நனைத்து, என் முதுகில் மட்டும், பச்சைக் குழந்தையைத் தட்டுவது போல நாலு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். அப்புறம் கையைக் காட்டி "போதும், வெளியே" என்றார். நர்ஸ் சொன்னதை அவரிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தேன்.

ஏரித் தண்ணீர் ஐஸ்தான். என் பெண் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முழங்கால் வரைக்கும்தான் போனோம். மணி ஒன்பதரை, வெயில் அடிக்கிறது!

அப்புறம் ஆண்கள் முறை. இவர் பக்கத்து வீட்டுக்காரர்களோடு போய், செக்கச் செவேலென்று தக்காளி மாதிரி வந்தார். குவோபியோ என்ற ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் நடுவயதுக்காரர்களை இருபது வருஷம் கவனித்து, வாரத்தில் நாலு தடவைக்கு மேல் சவுனா போகிறவர்களுக்குத் திடீர் மாரடைப்புச் சாவு குறைவாக இருந்ததென்று 2015-ல் எழுதினார்கள் என்று ஒரே பெருமை. அந்த ஆராய்ச்சியில் பார்த்தது அத்தனையும் ஆண்களைத்தான். பெண்கள் விறகு வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்! அது ஒருபுறமிருக்க, சாராயம் குடித்துவிட்டு சவுனாவும் ஏரியும் ஆகவே ஆகாது. யுஹான்னுஸில் வருஷா வருஷம் யாராவது முழுகிப் போய்ப் பத்திரிகையில் வருகிறது.

ராத்திரி கரையோரத்தில் கொக்கோ என்ற பெரிய சொக்கப்பனை கொளுத்தினார்கள். காடு காய்ந்திருந்தால் அனுமதி இல்லை, அந்த வாரம் மழை தூறியிருந்தது. என் பெண்ணும் அந்த வீட்டுப் பேத்தியும் ஏழு வகைப் பூப் பறிக்கப் போனார்கள். பேசாமல் பறித்துத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தால் வரப்போகிற மாப்பிள்ளை கனவில் வருவானாம். ஆறு பூ பறிக்கிற வரைக்கும் பேசவில்லையாம், ஏழாவதில் கொசு கடித்துக் கத்திவிட்டாளாம். போச்சு மாப்பிள்ளை!

படுக்கையில் திரை இடுக்கு வழியாக வெளிச்சம். அவள் தூங்கவில்லை.

"அம்மா, எனக்கும் வருமா?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதானே கதவைத் தாழ் போட்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு வந்தால் பெண்ணுக்கு வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். எனக்கு எந்த வயதில் வந்ததென்று உன் டாக்டரிடம் சொல்லி வைக்கவேண்டும், பரிசோதனையை எப்போது ஆரம்பிப்பதென்று அவர்கள் சொல்வார்கள். இந்த நாட்டில் 50 வயதிலிருந்து 69 வரை இரண்டு வருஷத்துக்கொரு தடவை வீட்டுக்கே கடிதம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். நீ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்புறம், கையில் ஏதாவது தட்டுப்பட்டால் யார் கல்யாணம் நடந்தாலும் அன்றைக்கே சொல்லவேண்டும்.

"யார் கல்யாணம்?" என்றாள். மாமா கல்யாணக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா கல்யாணத்துல நீ பச்சைப் பட்டு கட்டியிருந்தே" என்றாள். தூங்கிப்போனாள்.

சனிக்கிழமையும் சவுனா உண்டு. இவர்கள் மொழியில் சனிக்கிழமைக்கு லவுவன்தாய் என்று பெயர், பழைய வடநாட்டு மொழியில் அதற்குக் குளியல் நாள் என்று அர்த்தமாம். ஆத்திசூடியில் சனிக்கிழமைக் குளியலைச் சொன்ன ஔவைப் பாட்டி இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். நான் அன்று போகவில்லை, கை லேசாகக் கனத்த மாதிரி இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து முட்டையும் வெண்ணெயும் பிசைந்தேன். பெண் போய்விட்டு வந்தாள்.

ஞாயிறன்று கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு தழைக் கற்றையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். ஃப்ரீசரில் வைத்தால் குளிர்காலம் வரை வாசனை போகாதாம். எங்கள் கட்டடத்தில் கீழே பொது சவுனா இருக்கிறது, எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. பத்து மாதமாக அந்தச் சீட்டை நான் பிரித்தே பார்த்ததில்லை. இப்போது கற்றை தேங்காய்த் துருவலுக்கும் கருவேப்பிலைப் பொட்டலத்துக்கும் நடுவில் இருக்கிறது.

அங்கே ருபார்ப் என்று ஒரு புளிப்புத் தண்டு கொடுத்தனுப்பினார்கள். தொக்குப் போட்டேன், மாங்காய்த் தொக்குத் தோற்றது. இலையை மட்டும் சேர்க்கக்கூடாது, விஷம். அளவை அடுத்த இதழில் எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் அதே அளவில் புளிச்ச கீரைத் தண்டில் செய்து பார்க்கலாம்.